பறைக்கு நேரில் போங்கள், கூத்துக்கு நேரலை போதும்

மார்கழி பிறந்தால் சபா கச்சேரிப் பட்டியல் எல்லார் கைக்கும் வந்துவிடுகிறது. எந்த கேன்டீனில் என்ன டிபன் என்பது வரை எழுதித் தள்ளுகிறார்கள். பறை, நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கூத்து, கானா என்று தேடிப் போகிறவர்களுக்கு அப்படி வழிகாட்ட ஆள் குறைவு. எதற்கு நேரில் போக வேண்டும், எதை வீட்டிலிருந்து யூடியூபில் பார்த்தால் போதும், கொடுக்கிற காசு யார் கைக்குப் போகிறது என்பவைதான் இங்கே கணக்கு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தோற்கருவி முன்னால் நிற்கிற நிகழ்ச்சியை நேரலையில் பார்ப்பது வீண். குரலும் கதையும் முன்னால் நிற்பதை நேரலையில் பார்த்தால் பெரிய நஷ்டமில்லை, சில இடங்களில் லாபம்கூட.

சென்னைக்காரர்களுக்கு வருஷத்தில் இரண்டு பெரிய வாய்ப்புகள். ஒன்று, நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’. இன்னொன்று சென்னை சங்கமம். 2007இல் தொடங்கி, நடுவில் பல வருஷம் நின்று, 2023 பொங்கலுக்கு ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்தது. முன்னதில் மேடை, விளக்கு, ஒலி எல்லாம் கச்சேரிக்கென்றே அமைவதால் ஒரு குழுவை உட்கார்ந்து கேட்கலாம். சங்கமத்துக்கு டிக்கெட் கிடையாது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று நகரம் முழுக்கப் பரவி நடக்கும். ஒரே மாலையில் கரகம், தப்பாட்டம், ஒயிலாட்டம், மலைக்கிராமத்துக் குழு என்று பல மாவட்டங்களைப் பார்த்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் கிடைக்கும் நேரம் குறைவு. அடி சூடுபிடிக்கிற நேரத்தில் அடுத்த குழுவை அழைத்துவிடுவார்கள். ருசி பார்க்க சங்கமம், பசி தீர மக்களிசை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பக்கம் பருவம் வேறு. வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தும், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கொடை என்கிற கோயில் விழாவின் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரைதான். மார்கழியில் அந்தக் கலைஞர்கள் பலரும் சும்மா இருப்பதால்தான் நகர மேடைக்கு வர முடிகிறது.

இனி பறை. மாட்டுத்தோலை மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்த கருவி இது. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் தொய்யும், தொய்ந்தால் ஓசை மந்தமாகும். அதனால்தான் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திச் சூடு காட்டுகிறார்கள். மார்கழிப் பனியிலும் கடற்கரைக் காற்றிலும் இந்தச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். மூடிய அரங்கில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள் என்பதால் குழுவினர் வெளியே காய்ச்சி எடுத்து வருவார்கள். ஏ.சி. அரங்கில் முக்கால் மணி நேரம் தொடர்ந்து பறை என்று நிகழ்ச்சி நிரல் போட்டிருந்தால், கடைசிக் கால் மணி நேரம் தொய்ந்த தோலைத்தான் கேட்பீர்கள். நடுவில் பாட்டோ சிலம்பமோ வைத்து, பறையை வெளியே எடுத்துப்போக இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டிருந்தால், அமைப்பாளருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். சில குழுக்கள் ஃபைபர் தோலுக்கு மாறிவிட்டன. பனியும் மழையும் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் ஓசையில் ஒரு தகர வாடை வரும். பள்ளி விழாவுக்கு அது போதும்.

நேரலையில் பறை ஏன் செத்துப்போகிறது? வலக்கையின் அடிக்குச்சி கனத்த ஓசையைத் தருகிறது, இடக்கையின் மெல்லிய சிண்டுக்குச்சி வெடிப்பான கூர்மையைத் தருகிறது. இரண்டும் மாறி மாறி விழுவதில்தான் தாளம் இருக்கிறது. செல்போனில் நேரலை போடுகிறவர்கள் கவனிக்காத ஒன்று, போன் தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்கும் என்பது. முதல் அடி விழுந்ததும் ‘ஐயோ, அதிகம்’ என்று அளவைக் கீழே தள்ளிவிடும். குழு நிறுத்தியதும் பக்கத்தில் சுண்டல் விற்கிறவர் குரலை மேலே தூக்கும். அடுத்த சுற்று தொடங்கும்போது முதல் இரண்டு அடி உடைந்து கேட்கும், மீதி அமுங்கிப்போகும். இதோடு இரைச்சல் நீக்கம் என்கிற வசதியும் ஓடிக்கொண்டிருந்தால் தீர்ந்தது கதை. உறுமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழுகிற அந்த ‘ஊம்’ என்ற இழுவையை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துத் துடைத்துவிடும். உறுமியைப் பார்க்கலாம், கேட்க முடியாது.

காசு செலவழித்து மூன்று கேமரா வைத்து எடுக்கும் நேரலைகளிலும் வேறொரு கோளாறு அடிக்கடி வரும். அரங்கத்தில் மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேரலைக்குக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரங்கில் தவிலுக்கும் பறைக்கும் நாயனத்துக்கும் பல சமயம் மைக்கே வைப்பதில்லை, வைக்கத் தேவையுமில்லை. பாடகருக்குத்தான் மைக். ஆக மிக்ஸரில் இருப்பது பாடகர் குரல் மட்டும். வீட்டில் கேட்கிறவருக்குப் பாடகர் காதுக்குள் பாடுகிறார், மேளம் அடுத்த தெருவில் அடிக்கிறது. ஒரு நேரலை இப்படி இருந்தால் கலைஞர்மேல் குறை சொல்லாதீர்கள். மேடைக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் இரண்டு மைக் தனியாக வைத்து, அதை மிக்ஸர் ஒலியோடு கலந்தால் சரியாகிவிடும். பதிவாகும் ஒலியின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. கடற்கரை மேடை என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, காற்றுக்கான மயிர் உறை வேண்டும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஓசையை வெட்டிவிடவும் வேண்டும்.

நேரில் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நாயனமும் தவிலும் சேர்ந்த நையாண்டி மேளம் பக்கத்தில் நின்றால் 100 டெசிபலைத் தொட்டுவிடும். அந்த அளவில் காது பாதுகாப்பாகத் தாங்குவது கால் மணி நேரம்தான் என்கிறது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஆறு ஏழு மீட்டர் தள்ளி, கலைஞர்கள் நிற்கும் வட்டத்தின் பக்கவாட்டில் நில்லுங்கள். பறையின் இரண்டு குச்சியும் பிரிந்து கேட்பது அங்கேதான். பெரிய ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் இடம் காலியாக இருந்தால் காரணமாகத்தான் காலியாக இருக்கிறது. கைக்குழந்தையை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கூத்துக்கு வருவோம். இங்கே நேரலை உண்மையிலேயே கைகொடுக்கிறது. செய்யாறு, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கூத்தை விடிய விடிய ஒளிபரப்புகிற சின்னச் சின்ன யூடியூப் சேனல்கள் பல உண்டு. ஒரு போன், ஒரு முக்காலி, அவ்வளவுதான். நோட்டீஸில் இரவு 9 மணி என்று போட்டிருப்பார்கள். களரி கட்டி, பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வருவதற்குப் பத்தரை ஆகிவிடும். நேரில் போனால் அந்த ஒன்றரை மணி நேரமும் நல்ல பொழுதுதான். வீட்டில் இருப்பவர் பத்தரைக்குப் பார்க்கத் தொடங்கி, தூக்கம் வந்தால் படுத்து, காலையில் விட்ட இடத்திலிருந்து பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். 12 மணி நேரத்துக்குள் முடிகிற நேரலையை யூடியூப் தானாகவே சேமித்துவைக்கும். கூத்து அதற்குள் முடிந்துவிடும். கோயில் தரப்பு காலை அபிஷேகத்திலிருந்து மறுநாள் வரை ஒரே நேரலையாக ஓட்டினால்தான் மொத்தமும் சேமிப்பில் ஏறாமல் போகும்.

திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடிக்கொண்டே வருகிற திரைவிருத்தம், கிரீடமும் புஜக்கட்டையும் மின்னுவது, முகத்தில் வரைந்த கோடுகள், இவையெல்லாம் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது, போன் திரையில் தெரியும். குரலும் ஆர்மோனியமும் ஓரளவு சேதமில்லாமல் வரும். முகவீணை என்கிற சின்ன ஊதுகருவிதான் பாவம், கீச்சென்று ஆகிவிடும். அர்ச்சுனன் தபசுக்கு மட்டும் நேரில் போங்கள். உயரமான தபசு மரத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவதையும், கீழே பெண்கள் மடியேந்தி நிற்பதையும் ஒரே சட்டத்துக்குள் எந்தப் போனும் பிடிக்காது. பதினெட்டாம் போர் முடிந்து காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளமும் அப்படியே.

வில்லுப்பாட்டு இரண்டுக்கும் நடுவில். கதை கேட்க நேரலை போதும். ஆனால் வில்லில் கட்டிய சலங்கை மணிகளின் ஓசைதான் குறைந்த தரத்தில் முதலில் காணாமல் போகும். குடத்தின் வாயைப் பத்தி என்கிற தட்டையான மட்டையால் அடிக்கும்போது காற்று குபீரென்று வெளியே வரும். மைக்கைக் குடத்து வாய்க்கு நேராக வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் ‘டுப்’ என்று உடையும். ஒரு சாண் தள்ளி, சாய்த்து வைத்தால் அந்தக் கார்வை அழகாக வரும். கணியான் கூத்தில் உச்ச மகுடம், மந்த மகுடம் என்று இரண்டு தோற்கருவிகள். இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா என்பதை வைத்தே அந்த நேரலையைத் தொடர்ந்து பார்க்கலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம்.

பார்க்கிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படத்தின் தரத்தை 360க்குக் கீழே இறக்காதீர்கள். 144, 240 என்று குறைத்தால் பெரும்பாலும் ஒலியின் தரமும் சேர்ந்து குறையும். புளூடூத் ஒலியை இன்னொரு முறை சுருக்குகிறது, ஒயர் இயர்போன் மேல். போனில் பேஸ் பூஸ்ட், டால்பி மாதிரி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். 480இல் பார்த்தால் மணிக்குச் சுமார் அரை ஜிபி, எட்டு மணி நேரக் கூத்துக்கு 4 ஜிபி ஆகும். தினம் 2 ஜிபி பேக் வைத்திருப்பவர்களுக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்குவது ஒரு சௌகரியம்.

நேரலை போட நினைக்கிற ஊர் இளைஞர்களுக்கு மூன்று விஷயம். புதுச் சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், போனிலிருந்து போட 50 சந்தாதாரராவது வேண்டும். கொடியேற்றத்தன்று காலையில் சேனல் தொடங்கினால் முதல் நாள் போச்சு. நெட் வேகத்தை மதியம் சோதித்துப் பயனில்லை. இரவு கூட்டம் சேர்ந்து எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும்போதுதான் டவர் திணறும். முந்தின நாள் இரவே அதே இடத்தில் சோதியுங்கள், வேறு கம்பெனி சிம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். மூன்றாவது, காப்புரிமை. நாட்டுப்புறப் பாட்டு ஊருக்கே சொந்தம்தான், ஆனால் அதே மெட்டைச் சினிமாவில் போட்டிருந்தால் யூடியூபின் இயந்திரம் அதை அந்த இசைக் கம்பெனியின் பாட்டு என்று அடையாளம் கண்டு நேரலையை நடுவிலேயே நிறுத்திவிடலாம். இடைவேளையில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் ஆபத்து இன்னும் அதிகம். அந்த நேரத்தில் ஒலியை அணைத்துவையுங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், விடிய விடிய நடக்கும் விழாக்களில் மேடை ஒலி திடீரென்று நிற்பதும் உண்டு. அப்போது மிக்ஸரை மட்டும் நம்பிய நேரலை ஊமையாகிவிடும், தனி மைக் வைத்தவர் தப்பிப்பார்.

கடைசியாகக் காசு. யூடியூப் சூப்பர் சாட்டில் 100 ரூபாய் போட்டால் சேனலுக்குப் போய்ச் சேர்வது சுமார் 70. சேனல் நடத்துகிறவரும் குழுவும் ஒன்றல்ல என்பதால், அதில் கலைஞருக்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள் இருக்கும் பேச்சு. திரையில் குழுவின் பெயரோடு யுபிஐ கியூஆர் காட்டினால் அதில் போடுங்கள், ஸ்கேன் செய்ததும் வருகிற பெயர் குழுவோடு பொருந்துகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் இடைவேளையில் பணம் குத்தும் வழக்கம் கூத்தில் இன்னும் உண்டு. கட்டியங்காரன் பெயரைக் கேட்டு மைக்கில் சொல்வான். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடலாம். குழுவின் பெயரும் ஊரும் எங்குமே போடாத நேரலைக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கமெண்டில் ‘எந்த ஊர் ஜமா?’ (ஜமா என்றால் குழு) என்று கேளுங்கள், ஊர்க்காரர் யாராவது பதில் போடுவார்.