இரண்டாம் அடுக்கை எப்படி நிறுத்துவது? பிரிட்டன் ஐஸ் ஹாக்கியில் ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பிரிட்டன் ஐஸ் ஹாக்கியின் இரண்டாம் அடுக்கு லீக் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை கலைந்தது. 2005இல் ஒன்று, 2017இல் இன்னொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்தன. மேலடுக்கு லீக் தனக்கு வேண்டிய ஓரிரு அணிகளை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்தவை கிடைத்த இடத்தில் ஒதுங்கின. லீக் மறுசீரமைப்பு என்று பேச்சு வரும்போதெல்லாம் ரசிகர்கள் அட்டவணையையும் கோப்பையையும் பற்றியே பேசுகிறார்கள். இந்த இரண்டு கலைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தீர்மானித்தவை வேறு மூன்று என்று தெரியும்: அரங்கில் எத்தனை இருக்கை, அணியில் எத்தனை வெளிநாட்டு வீரர்கள், ஐஸ் தளம் யாருடைய கையில்.

கொஞ்சம் பின்னணி. 1996இல் பெரிய அரங்குகளை நம்பி சூப்பர்லீக் தொடங்கியது. வெளிநாட்டு வீரர்களுக்கு அதில் வரம்பே இல்லை என்று சொல்லிவிடலாம். 1997 பிப்ரவரியில் மான்செஸ்டர் ஸ்டார்ம் அணியும் ஷெஃபீல்டு ஸ்டீலர்ஸ் அணியும் மோதிய ஆட்டத்தைப் பார்க்க 17,245 பேர் வந்தார்கள். ஆறு ஆண்டுகூட ஆகவில்லை, அதே மான்செஸ்டர் அணி பருவத்தின் நடுவிலேயே மூடப்பட்டது. 2003இல் லீக்கும் முடிந்தது. அதன் இடத்தில் வந்ததுதான் எலைட் லீக். அது கிளப்புகளே சேர்ந்து நடத்தும் மூடிய அமைப்பு. கடைசி இடத்துக்குப் போனாலும் யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை. கீழே சாம்பியன் ஆனாலும் மேலே போக உரிமை இல்லை.

2005இல் அப்போதைய இரண்டாம் அடுக்கான பிரிட்டிஷ் நேஷனல் லீகிலிருந்து நியூகாசில் வைப்பர்ஸும் எடின்பரோ கேப்பிடல்ஸும் எலைட்டுக்குப் போயின. கில்ஃபோர்டு, பிராக்னெல் அணிகள் இங்கிலீஷ் பிரிமியர் லீகில் (கால்பந்து லீக் அல்ல, அதே பெயரிலான ஐஸ் ஹாக்கி லீக்) சேர்ந்தன. ஃபைஃப், டண்டீ அணிகள் வடக்கே கீழடுக்குப் போட்டிகளுக்குத் திரும்பின. அதன்பின் பிரிமியர் லீக்தான் இரண்டாம் அடுக்கு. 2016-17 பருவத்தைப் பத்து அணிகளுடன் தொடங்கியது. ஐஸ் அரங்கை இழந்து ஊர் ஊராக அலைந்த மான்செஸ்டர் ஃபீனிக்ஸ் ஜனவரியில் மூடப்பட்டது. பருவம் முடிந்ததும் கில்ஃபோர்டு ஃபிளேம்ஸும் மில்டன் கீன்ஸ் லைட்னிங்கும் எலைட்டுக்குப் போயின. பேசிங்ஸ்டோக், பிராக்னெல், ஹல், பீட்டர்பரோ, ஷெஃபீல்டு ஸ்டீல்டாக்ஸ், ஸ்விண்டன், டெல்ஃபோர்டு என்று ஏழு அணிகள் நின்றன. அந்த ஏழின் முன்னால் இருந்த வழிகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

மேலே போவது

கேட்க இனிமையான வழி இது. எலைட்டில் நாட்டிங்ஹாம், பெல்ஃபாஸ்ட், ஷெஃபீல்டு போன்ற பெரிய அணிகள் வந்து விளையாடும். டிக்கெட் விலையைக் கூட்டலாம். உள்ளூர்ப் பத்திரிகையில் இடம் கிடைக்கும். செலவுப் பக்கத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். எலைட் அணியில் பத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு வீரர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு வீடு, விமான டிக்கெட், பல சமயம் காரும் தர வேண்டும். அவர்கள் முழுநேரத் தொழில்முறை வீரர்கள் என்பதால் வாரநாட்களில் பகல் பயிற்சிக்கும் ஐஸ் வேண்டும். பெல்ஃபாஸ்டுக்குப் போக விமானமோ கப்பலோ ஏற வேண்டும். இவ்வளவையும் பல ஆயிரம் இருக்கை கொண்ட அரங்கு தாங்கும். இரண்டாயிரம் பேர் கொள்ளும் நகரசபை அரங்கு தாங்குமா?

ஒன்றாக மேலே போன அந்த இரண்டு அணிகளே பதில். மில்டன் கீன்ஸ் இரண்டே பருவத்தில் கீழே திரும்பிவிட்டது. கில்ஃபோர்டு இன்றும் எலைட்டில் இருக்கிறது, மதிப்போடும் இருக்கிறது. அந்த அணியை நடத்துபவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லண்டனுக்குப் பக்கத்தில் வசதியான வட்டாரம், பல ஆண்டு விசுவாசமான ரசிகர் கூட்டம், கட்டுப்பாடான நிர்வாகம் எல்லாம் ஒருசேர அமைந்தன. அப்படி அமைந்த ஊர் பத்தில் ஒன்று இருக்கலாம். பத்தில் ஒன்றுக்குப் பொருந்துவதை மற்ற ஒன்பதுக்கும் கொள்கையாக்க முடியாது. எலைட்டின் எண்ணிக்கையே இதைச் சொல்கிறது: 2017-18இல் 12 அணிகள், அடுத்த ஆண்டு எடின்பரோ போய் 11, அதற்கடுத்த ஆண்டு மில்டன் கீன்ஸ் போய் 10. விரிவாக்கம் என்று தொடங்கியது இரண்டே ஆண்டில் பழைய அளவுக்கு வந்து நின்றது.

ஏழு பேராகவே நீடிப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் அணிக்கு ஆறு எதிரிகள்தான். 48 ஆட்டங்கள் வேண்டுமென்றால் ஒவ்வோர் அணியையும் எட்டு முறை சந்திக்க வேண்டும். பிப்ரவரியில் எட்டாவது முறையாக அதே அணியைப் பார்க்க எந்தக் குடும்பம் டிக்கெட் வாங்கும்? போதாததற்கு, நான்கு வெளிநாட்டு வீரர்கள் என்ற பிரிமியர் லீக் விதி சம்பளப் போட்டியை வளர்த்துவிட்டிருந்தது. நல்ல கோலடிப்பவரை ஓர் அணி பிடித்தால் மற்றவையும் கடன் வாங்கியாவது பிடிக்க வேண்டிய நிலை. ஏழில் ஒன்று கவிழ்ந்தாலும் லீக் முடிந்துவிடும்.

வடக்கு, தெற்கு என்று பிரிவது

2017இல் நடந்தது இதுதான். ஹல், ஷெஃபீல்டு, டெல்ஃபோர்டு மூன்றும் நேஷனல் ஐஸ் ஹாக்கி லீகின் வடக்குப் பிரிவிலும், மற்ற நான்கும் தெற்குப் பிரிவிலும் சேர்ந்தன. அங்கே ஏற்கெனவே விட்லி, பில்லிங்ஹாம், பிளாக்பர்ன், இன்விக்டா, ஸ்ட்ரெதம் போன்ற பழைய அணிகள் இருந்தன.

இந்த வழியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பெரும்பாலானவர்கள் மதிக்கவே இல்லை. இந்த மட்டத்தில் ஆடும் பிரிட்டிஷ் வீரர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். ஹல் நகரில் ஞாயிறு மாலை ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். இடையில் இரண்டு முறை வண்டி வந்து ஐஸைச் சமப்படுத்த வேண்டும். சண்டை, காயம், பெனால்டி எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். குளித்து, ஈரமான காப்புக் கவசங்களை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றினால் பேசிங்ஸ்டோக் வர ஏறக்குறைய 370 கிலோமீட்டர். நள்ளிரவு தாண்டி ஊர் சேர்ந்தவர் காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக வேண்டும். வட்டாரப் பிரிவில் இந்தச் சிரமம் பாதியாகக் குறைகிறது. பஸ் செலவும் குறைகிறது.

ஆனால் ஆட்டம் கெட்டுவிடுகிறது. வாரத்தில் பலமுறை பயிற்சி செய்த, ஓரளவு சம்பளம் வாங்கிய அணிகள் ஒரு பக்கம். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் கிடைக்கும் ஐஸில் பயிற்சி செய்த அணிகள் மறுபக்கம். முதல் பகுதியிலேயே முடிவு தெரிந்துவிடும் ஆட்டங்கள் இரு சாராருக்கும் கேடு. தோற்கும் அணியின் கோல்கீப்பருக்கு அது தண்டனை. வெல்லும் அணியின் இளைஞனும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பெரிய ஊர் ரசிகன் சலித்துப்போகிறான். சின்ன ஊர் ரசிகன் மனம் உடைகிறான். பக்கத்து ஊரோடு சமமாக மோதி மகிழ்ந்த பில்லிங்ஹாமுக்கும் இன்விக்டாவுக்கும் கேட்காமலே ஒரு சுமை வந்து சேர்ந்தது. இந்த அநியாயம் அதிகம் பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மீண்டும் நாடளாவிய பிரிவு, குறைந்த செலவில்

அதே நேஷனல் ஐஸ் ஹாக்கி லீகில் 2019இல் வந்த நேஷனல் டிவிஷன் இந்த இரண்டு ஆண்டு அனுபவத்தின் விளைவு. பத்து அணிகள்: பழைய ஏழும், எலைட்டிலிருந்து திரும்பிய மில்டன் கீன்ஸும், லண்டன் பகுதியின் ரெய்டர்ஸும், புதிதாக உருவான லீட்ஸும். அணிக்கு இரண்டே வெளிநாட்டு வீரர்கள். ஆட்டங்கள் முக்கியமாகச் சனி, ஞாயிறில்.

பார்க்க இது பழைய பிரிமியர் லீக் போலவே தோன்றும். அதே ஊர்கள், ஏறக்குறைய அதே பயணம். அப்படியானால் என்ன மாறியது? நான்கு இரண்டானதுதான் மாற்றம், அது பெரிய மாற்றம். ஓர் அணியில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இருபது பேர் இறங்குகிறார்கள். நான்கு வெளிநாட்டவர் இருந்தால் முன்வரிசையும் பவர் பிளேயும் (எதிரணி வீரர் பெனால்டியில் வெளியே இருக்கும் நேரம்) அவர்கள் கையில். சமநிலையில் நிற்கும் ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் பயிற்சியாளர் அவர்களைத்தான் ஐஸில் இறக்குவார். இரண்டு பேர் மட்டும் இருந்தால் அந்த நிமிடங்களில் மூன்று உள்ளூர் வீரர்கள் ஐஸில் நின்றே ஆக வேண்டும். அழுத்தத்தில் ‘பக்’ எனும் ரப்பர் வட்டைக் காக்கக் கற்பது அங்கேதான். பயிற்சியில் அது வராது.

லியம் கர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்பருவத்திலேயே இரண்டாம் அடுக்கில் ஸ்டீல்டாக்ஸுக்காகப் பெரியவர்களோடு ஆடினார், பிறகு ஸ்டீலர்ஸ், 2018இல் வட அமெரிக்காவின் உச்ச லீகான என்ஹெச்எல்லின் இளம் வீரர் தேர்வில் அரிசோனா கயோட்டீஸ் ஏழாவது சுற்றில் அவரை எடுத்தது. இங்கிலாந்தில் பிறந்து இங்கிலாந்திலேயே பயிற்சி பெற்ற ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல்முறை. அவர் ஆடியது நான்கு வெளிநாட்டவர் காலத்தில்தானே என்று கேட்கலாம். உண்மை. அவரைப் போன்ற அபூர்வத் திறமைக்கு எந்த விதியிலும் இடம் கிடைக்கும். அவருக்கு அடுத்த படியில் இருக்கும் இருபது பையன்களுக்குத்தான் விதி உதவ வேண்டும். அவர்களில் சிலர் எலைட்டின் மூன்றாம் வரிசைக்கும், அங்கிருந்து தேசிய அணிக்கும் போகிறார்கள். 2019இல் உலக சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவில் பிரான்சிடம் 0-3 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 4-3 என வென்று பிரிட்டன் தன் இடத்தைத் தக்கவைத்தது. அப்படி ஓர் அணியைத் தொடர்ந்து கட்ட ஆட்கள் வேண்டும். எலைட்டில் உள்ளூர் வீரர்களுக்கான இடங்கள் குறைவு. கீழடுக்குதான் ஆட்களைத் தர முடியும்.

இரண்டு என்ற வரம்பில் இன்னொரு பயனும் உண்டு. 2005, 2017 இரண்டையும் நினைத்தால் இதுவே பெரியது. எலைட்டின் செலவுக்கும் இந்தப் பிரிவின் செலவுக்கும் நடுவே இப்போது பெரிய இடைவெளி இருக்கிறது. பிரிமியர் லீக் காலத்தில் நான்கு வெளிநாட்டவரோடு செலவழித்துக்கொண்டிருந்த கிளப்புக்கு, இன்னும் கொஞ்சம் போட்டால் மேலே போய்விடலாம் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது. இப்போது அந்த ‘கொஞ்சம்’ மிகப் பெரிய தொகை. ஆசைக்கு அணை அதுதான்.

குறையும் இருக்கிறது. ஆட்டத்தின் தரம் பிரிமியர் லீகின் உச்சத்தைவிடக் கொஞ்சம் இறங்கியது என்று பழைய ரசிகர்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். நல்ல பிரிட்டிஷ் வீரர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவர்களுக்கான சம்பளப் போட்டியும் தொடங்கிவிடும். வெளிநாட்டவர் வரம்பு மட்டும் செலவைக் கட்டுப்படுத்தாது.

ஏற்றமும் இறக்கமும்

கால்பந்து பார்த்து வளர்ந்த நாட்டில் இந்தக் கோரிக்கை எழாமல் இருக்காது: கீழே வென்றவன் மேலே போகட்டும். ஜெர்மனி இதைச் செய்கிறது. முதலடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையே ஏற்ற இறக்கம் மீண்டும் வந்ததும் 2021இல் பீட்டிக்ஹைம் மேலே போனது, 2022இல் கிரேஃபெல்ட் கீழே இறங்கியது. ஆனால் அங்கே இரண்டாம் அடுக்கே முழுத் தொழில்முறை; மேலே போக விரும்பும் கிளப் அரங்குத் தகுதியும் நிதி உத்தரவாதமும் காட்ட வேண்டும். பிரிட்டனில் சாம்பியனான அணி பத்து வெளிநாட்டவரை ஒரே கோடையில் தேட வேண்டியிருக்கும். வேலையை விட முடியாத தன் வீரர்களில் பாதிப் பேரை, கோப்பையை வென்று தந்தவர்களை, அனுப்பிவிட வேண்டியிருக்கும். வெற்றிக்குப் பரிசாக அணியையே கலைப்பதை நான் ஏற்க மாட்டேன். எலைட்டும் தன் விதியை மாற்றப் போவதில்லை.

எனவே என் தேர்வு நான்காவது வழி, இரண்டு திருத்தங்களோடு. முதலாவது, எலைட்டும் நேஷனல் டிவிஷனும் இளம் வீரர்களைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைப் பதிவு முறையை அணிக்கு அணி பேசி முடிப்பதை விட்டு எழுத்திலான பொது விதியாக்க வேண்டும். எலைட்டில் பெஞ்சில் உட்காரும் பத்தொன்பது வயதுப் பையன் அந்த வார இறுதியில் கீழே ஆட வேண்டும். அவனை வளர்த்த கிளப்புக்கு ஓர் ஈட்டுத்தொகையும் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, அணியைச் சேர்க்கும்போது வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே ஐஸ் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். லீட்ஸ் நேஷனல் டிவிஷனில் சேர்ந்தபோது அதன் அரங்கு கட்டி முடியவில்லை. 2020 ஜனவரியில் திறக்கும் வரை சொந்த ஊர் ஆட்டங்களையும் பிற ஊர்களில் ஆடியது. பிராக்னெல் அரங்கு 2020இல் மூடப்பட, அந்த அணி ஸ்லௌ நகருக்கு இடம்பெயர்ந்தது. எடின்பரோ எலைட்டிலிருந்து போனது தன் மரேஃபீல்டு அரங்கில் ஐஸ் நேரத்தை இழந்ததால். மான்செஸ்டர் ஃபீனிக்ஸின் அலைச்சலும் ஆல்ட்ரிங்கம் அரங்கை இழந்த நாளில் தொடங்கியது. இந்த நான்கும் மூன்று லீகுகளில், வெவ்வேறு விதிகளின் கீழ் நடந்தவை. அடுத்து விண்ணப்பிக்கும் கிளப் ஐந்து ஆண்டுக்குக் குறையாத ஐஸ் குத்தகையைக் காட்டட்டும். சனி அல்லது ஞாயிறு மாலை எந்த மணி முதல் எந்த மணி வரை தன்னுடையது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும்.