பிரிந்து போவதா, இருந்து கேட்பதா? எங்கள் மலைச்சபை எடுத்த முடிவு

சேர்வராயன் மலையில் இருக்கும் எங்கள் சபையில் 46 குடும்பங்கள். பெரும்பாலும் காபித் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பாதிப் பேர் இப்போது சேலத்தில் குடியிருக்கிறார்கள். ஞாயிறு காலை பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆராதனைக்கு வருகிறார்கள். எங்கள் சபை சேர்ந்திருக்கும் தாய்த் திருச்சபையை விட்டு வெளியேறிவிடலாம் என்ற பேச்சு இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களுக்குள் கிளம்பியது. அப்போது நான்தான் கமிட்டிச் செயலர். வெளியேற வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவர்களில் நானும் ஒருவன். கடைசியில் இருப்பதற்குக் கை தூக்கினேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் சபைகள் இந்தப் பக்கத்தில் இன்னும் சில உண்டு என்பதால் எழுதுகிறேன். எங்கள் திருச்சபையின் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் மனக்குறை மூன்று. ஐயருக்கு, அதாவது எங்கள் போதகருக்கு, ஐந்து கோயில்கள், அதனால் அவர் வந்து அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து எங்களுக்கு மாதம் ஒரு முறைதான். தலைமைக்குக் கட்டும் பங்குத்தொகை ஏறிக்கொண்டே போனது. ஒழுகும் கூரையை மாற்ற அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இரண்டு மழைக்காலம் போயும் பதில் இல்லை. உபதேசத்தில் எங்களுக்கு எந்தச் சண்டையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உபதேசமே பிரச்சினை என்றால் நான் கீழே எழுதியிருக்கும் கணக்கு பாதி பொருந்தாது.

எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று: தனிச் சபையாகப் பதிவு செய்துகொள்வது, வேறொரு திருச்சபையோடு இணைவது, இருந்தபடியே தலைமையிடம் கோரிக்கை வைத்துக் கேட்பது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனியாகப் போனால் பங்குத்தொகை மிச்சம்; ஆனால் போதகருக்குச் சம்பளம், வீடு, மருத்துவச் செலவு எல்லாம் நம் தலையில். பொருளாளர் ஒரு நோட்டில் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பார்த்தார், கிட்டத்தட்ட சரிக்குச் சரி வந்தது. பதிவும் பெரிய வேலையில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பிடித்த போதகரை நாமே அழைத்துக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே பெரிய லாபம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

கல்யாண விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயர் கையால் அபிஷேகம் பெற்ற குருமார் அவரவர் திருச்சபை முறைப்படி திருமணம் நடத்தி வைக்கலாம், தனி உரிமம் தேவையில்லை. சுயாதீனச் சபைப் போதகர் என்றால் அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தி வைப்பது குற்றம். பெண்ணைப் பெற்றவர்கள் போதகரிடம் அந்தத் தாளைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஓலை (சபையில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கக் கொடுப்பது நல்லது.

அப்புறம் கோயில் கட்டடம். கல் சுமந்தது எங்கள் தாத்தாமார், ஆனால் மூலப்பத்திரம் இருப்பது திருச்சபையின் டிரஸ்ட் பெயரில். சொத்தைக் கையோடு கொண்டுபோய்விடலாம் என்று எங்கள் இளைஞர்கள் நம்பினார்கள். கேரளத்தின் மலங்கரை சபையில் இரண்டு தரப்புகளுக்கு இடையே நடந்த வழக்கில் 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை வக்கீல் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். ஒருவர் சபையை விட்டு விலகலாம், அது அவர் சுதந்திரம்; ஆனால் ஒரு பங்கின் (ஓர் ஊர்ச் சபையின்) பெரும்பான்மை கூடித் தீர்மானம் போட்டுச் சொத்தோடு வெளியேற முடியாது என்பதுதான் அதன் சாரம். கேரளத்து வழக்கு நமக்கு அப்படியே பொருந்துமா என்பது அவரவர் பத்திரத்தையும் திருச்சபையின் சட்டதிட்டத்தையும் பொறுத்தது. எங்கள் பத்திரத்தைப் படித்துப் பார்த்தபின் அவர் நம்பிக்கை கொடுக்கவில்லை.

சேலம் பக்கத்துச் சபைகள் பெயர் மாறவே இல்லையா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1827-இல் சேலத்தில் ஊழியம் தொடங்கியது லண்டன் மிஷனரி சங்கம். அந்தச் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் வந்தன, 1947 செப்டம்பர் 27-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும் வந்தன. ஆக, உட்கார்ந்த பெஞ்சை விட்டு நகராமலே இரண்டு முறை திருச்சபை மாறியிருக்கிறது. ஆனால் அவை மேலிருந்து நடந்த இணைப்புகள், சொத்தும் சேர்ந்தே போனது. ஒரு கிராமத்துச் சபை மட்டும் தனியே கழன்று போவது வேறு விஷயம்.

இவ்வளவுக்கும் நான் அசையவில்லை. கட்டடம் போனால் போகட்டும், தகரக் கொட்டகை போட்டு ஆராதிக்கலாம் என்றுதான் சொன்னேன். என் மனதை மாற்றியது கல்லறைத் தோட்டம்.

மூன்றாவது கூட்டத்தில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி எழுந்தார். "நீங்க எங்க வேணா போங்க தம்பி, நான் தடுக்கல. உங்க தாத்தா பக்கத்துல எனக்கு இடம் விட்டு வச்சிருக்கு. அந்த இடம் இப்ப யாரு பேருல இருக்கு?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் போய்ச் சிட்டா எடுத்தோம். கோயிலோடு சேர்ந்து அதுவும் டிரஸ்ட் பெயரில்தான் இருந்தது. வெளியேறும் மறுநாளிலிருந்து அங்கே ஒரு குழி வெட்டுவதற்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

புதிதாக ஓர் இடம் வாங்கலாமே என்று இரண்டு மாதம் தேடினோம். அப்போதுதான் மலையில் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. தமிழ்நாடு கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஏற்கெனவே உரிமம் பெற்ற இடம் தவிர வேறெங்கும், குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யக் கூடாது. சமவெளியில் 90 மீட்டர் பெரிய தூரமில்லை. இங்கே கைக்கு எட்டும் விலையில் நாங்கள் பார்த்த ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மேலேயோ கீழேயோ ஓர் ஊற்று இருந்தது, இல்லையென்றால் நாலு வீடு இருந்தது. ஊற்று இல்லாத இடம் பாறை; ஆறடி தோண்ட முடியாது. தண்ணீர் இறங்கிவரும் சரிவில் கல்லறை வைத்தால் கீழ்வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? நானாக இருந்தாலும் சம்மதிக்க மாட்டேன். எல்லாம் பொருந்தி வந்தாலும் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், அக்கம்பக்கத்தின் ஆட்சேபணையைத் தாண்ட வேண்டும்.

கேரளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2017 தீர்ப்புக்குப் பிறகு அங்கே பல இடங்களில் சடலத்தை வைத்துக்கொண்டு கல்லறை வாசலில் தகராறு. எந்தத் தரப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும் தன் முன்னோர் கிடக்கும் பங்குக் கல்லறையில் அடக்கம் பெற உரிமை உண்டு என்று 2020-இல் அந்த மாநிலம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அந்தச் சட்டம் மலங்கரை சபைக் கல்லறைகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் பிரிந்து போகும் சபைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

எங்களிடமிருந்து ஆறு குடும்பங்கள் பிரிந்து போனார்கள். வீட்டு முற்றத்தில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார்கள், நன்றாகவே நடக்கிறது, எங்களுக்குள் பகையும் இல்லை. போன ஐப்பசியில் அவர்களில் ஒருவரின் அம்மா இறந்தார். காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் வந்தது. அனுமதிக் கடிதம் எழுதி, கையெழுத்துக்காகச் சேலத்துக்கு ஆள் அனுப்பி, திரும்பி வரும்போது மாலை நாலரை. "இந்த ஒரு முறை மட்டும்" என்று அதில் எழுதியிருந்தது. மழையில் டார்ச் வெளிச்சத்தில் அடக்க ஆராதனை முடித்தோம். அந்த மகன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வேறு திருச்சபையோடு இணைவது பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சேலத்தில் அப்படி இணைந்த ஒரு சபையின் மூப்பர்கள் இருவரோடு பேசியதுதான். வரவேற்பு நன்றாக இருந்தது, புதிய திருச்சபைக்கு நகரத்தில் சொந்தக் கல்லறை உண்டு என்றார்கள். அவர்கள் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. பங்குத்தொகை, இடமாற்றம் என்று அங்கேயும் பிறகு என்ன வரும் என்பதை இப்போது யாரும் சொல்ல முடியாது. நகரத்துச் சபை என்றால் இந்த வழியைக் கட்டாயம் விசாரித்துப் பார்க்கச் சொல்வேன். மலையில் இருப்பவர்கள் இறந்தவரை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் வைத்தால், அடுத்த வாரம் போய்ப் பூ வைப்பதற்கே ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

இருந்து கேட்டதில் என்ன கிடைத்தது? எல்லாம் கிடைக்கவில்லை. 31 குடும்பத் தலைவர்களின் கையெழுத்தோடு மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். திருவிருந்து இப்போது மாதம் இரண்டு முறை. மற்ற ஞாயிறுகளில் எங்கள் சபையிலிருந்தே இருவர் பிரசங்கிக்க அனுமதி வந்தது. பங்குத்தொகை குறையவில்லை, ஏறாமல் நிற்கிறது. கூரைக்கு இன்னும் பதில் வரவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மிளகும் பலாப்பழமும் விற்ற பணத்தில் தார்ப்பாய் வாங்கிக் கட்டியிருக்கிறோம்.

பணமோசடி நடக்கிறது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை, மனசாட்சிக்கு விரோதமான போதனை வருகிறது என்றால் கல்லறையைக் காட்டி யாரையும் நிறுத்தி வைக்க நான் துணிய மாட்டேன். எங்கள் நிலை அதுவல்ல. ஐயர் வருவதில்லை, தொகை கூடுகிறது, கடிதத்துக்குப் பதில் இல்லை என்ற அளவில் இருக்கும் சபைகளிடம்தான் பேசுகிறேன். தீர்மானம் எழுதுவதற்கு முன் கல்லறைத் தோட்டத்தின் சிட்டாவை எடுத்துப் பாருங்கள், அடக்கப் பதிவேட்டை வாங்கிப் படியுங்கள். எங்கள் பதிவேட்டில் முதல் பக்கங்கள் கரையான் அரித்துப் போயிருந்தன. இந்த நவம்பரில் பாட்டியை உட்கார வைத்து, எந்த மேட்டில் யார் என்று அவர் சொல்லச் சொல்ல இளைஞர்கள் எழுதினார்கள். 112 பெயர்கள் வந்தன. தனக்கென்று விட்ட இடத்தைத் தாண்டும்போது, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.