வாத்துக்கூண்டு செய்யக் கொடுக்கிறீர்களா? ‘மெஷ்’ என்று மட்டும் எழுதிய கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

தர்மபுரியில் ஒரு வெல்டிங் பட்டறையில், வீட்டில் வளர்க்கும் நான்கு வாத்துகளுக்காகச் சொல்லிச் செய்த கூண்டு பற்றிய எச்சரிக்கை இது. பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. பாலக்கோட்டில் கொடுத்தாலும் காவேரிப்பட்டணத்தில் கொடுத்தாலும் ஏமாற்றுவதற்கு வழி இருப்பது இதே இடங்களில்தான்.

வாயால் பேசியது: 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம். ஒரு இன்ச் சதுர பைப், 16 கேஜ் (கேஜ் என்பது கன அளவு, எண் கூடினால் கனம் குறையும்). நான்கு பக்கமும் மேலேயும் அரை இன்ச் கண் வெல்டு மெஷ். அடியில் வெளிப்பக்கமாகத் தரையோடு ஒன்றரை அடிக்கு வலை விரிப்பு. கொட்டேஷன் சீட்டில் இருந்தது ஒரே வரி: ‘வாத்துக் கூண்டு, மெஷ், கதவு, பெயிண்ட் உட்பட.’ கேஜ் இல்லை, கண் அளவு இல்லை, விரிப்பு இல்லை. கேட்டதற்கு, “பேசினபடியே வந்துரும்ங்க சார், அதெல்லாம் எழுதணும்னு இல்லைங்க” என்றார்கள்.

வந்து இறங்கியது அறுகோணக் கண் கோழி வலை போட்ட கூண்டு. கோழி வலை வாத்தை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். அதில் கம்பியை முறுக்கித்தான் கண் போட்டிருக்கிறது. ஒரு முறுக்கு விட்டால் பக்கத்துக் கண்ணும் இளகும். தெருநாய் கடித்து இழுத்தால் கிழிந்துவிடும். வெல்டு மெஷ்ஷில் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் பற்றவைத்திருக்கும். அரை இன்ச் கண்ணில் கீரியின் கை நுழையாது, பெருச்சாளியும் வராது, பெரிய பாம்பும் வராது.

அதைவிடப் பெரிய மோசடி, வலையைக் கட்டியிருந்த விதம். சட்டத்துக்கு உள்பக்கமாக வலையை வைத்து, அடிக்கு ஒரு முடிச்சு வீதம் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து முட்டினால் வலை சட்டத்தை விட்டு விலகி உள்ளே போகும். அப்படித்தான் நடந்தது. கதவுக்குப் பக்கத்தில் தரையை ஒட்டி, இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே வலை உள்பக்கமாக மடிந்து, ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றது. கம்பி நுனியில் சாம்பல் நிற ரோமம் சிக்கியிருந்தது. ஒரு வாத்து போயிற்று, இன்னொன்றுக்கு இறக்கையில் காயம். அது பட்டப்பகல். கீரி பகலில்தான் வேட்டைக்கு வரும், மரநாய் இரவில் வரும்; அதனால் ‘ராத்திரி மட்டும் அடைத்தால் போதும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வலையை எப்போதும் சட்டத்தின் வெளிப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அப்போது முட்டுகிற விலங்கின் பலமே வலையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். வலையின் மேல் முக்கால் இன்ச் இரும்புப் பட்டி வைத்து, ஆறு இன்ச்சுக்கு ஒரு திருகு. நேரடியாக வலையில் வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் முதல் மழையிலேயே துரு ஏறும். வெல்டு வைத்தே ஆக வேண்டிய இடத்தில் ஜிங்க் பெயிண்ட் அடிக்க வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் போதாது.

பைப்பிலும் கை வைத்திருந்தார்கள். பெயிண்ட் அடித்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எடை காட்டிக்கொடுக்கும். ஒரு இன்ச் சதுர பைப் 20 அடி நீளம், 16 கேஜ் என்றால் சுமார் 7 கிலோ. 18 கேஜ் சுமார் ஐந்தரை கிலோ. வெட்டுவதற்கு முன் பட்டறைக்குப் போய் ஒரு முழு நீளத்தைத் தராசில் வைத்துவிடுங்கள்.

வலைக் கணக்கையும் நீங்களே போடலாம். 3 அடி அகலம், 50 அடி நீளமுள்ள சுருள் இரண்டு வாங்கினால் இந்த அளவுக் கூண்டுக்குச் சரியாக இருக்கும். நான்கு பக்கமும் இரண்டு வரிசையாக 56 அடி, மேலே 16 அடி, மீதியில் 17 அடியை நெடுக்காக இரண்டாக வெட்டினால் ஒன்றரை அடி விரிப்பு சுற்றிலும் மூலைகளோடு சேர்த்து வந்துவிடும். ஒட்டு போட 11 அடி மிஞ்சும். மூன்று சுருள் என்று பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். கம்பி 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 22 கேஜ் வெறும் 0.7 தான்.

விரிப்பை விட்டுவிட்டு, வலையைப் புதைக்கப் பள்ளம் தோண்டச் சொல்வார்கள். நம் பக்கத்துச் சரளை மண்ணில் ஒரு அடிக்குக் கீழே கடப்பாரை இறங்குவதே கஷ்டம், அதற்கும் கூலி கேட்பார்கள். தேவையில்லை. தோண்டுகிற விலங்கு சுவர் ஓரத்தில்தான் பறிக்கும்; அங்கே வலை தட்டுப்பட்டால் இரண்டு அடி பின்னால் போய் ஆரம்பிக்க அதற்குத் தெரியாது. விரிப்பைக் கூண்டின் அடிச் சட்டத்தோடு இறுகப் பிணைத்து, மேலே கிரானைட் துண்டுக் கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

கதவில் பார்க்க வேண்டியது அடி இடைவெளி. ஒரு விரல் கனத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று.

வேலை முடித்துப் போனவர்கள் வெட்டிய கம்பித் துண்டுகளைத் தரையிலேயே விட்டுப் போயிருந்தார்கள். இது சின்ன விஷயமல்ல. பளபளக்கும் துண்டை வாத்து விழுங்கும். துத்தநாகம் உடம்பில் ஏறிச் சாகும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்த பிறகே வாத்தை விட வேண்டும்.

புகார் சொன்னபோது கிடைத்த பதில்: “கூண்டுல கோளாறு இல்லைங்க, கீரிக்கு ஒரு பொறி வைங்க.” வைத்துவிடாதீர்கள். கீரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

இப்படி ஒரு கூண்டு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் கழற்ற வேண்டாம். கோழி வலையை அப்படியே விட்டு, அதன் மேல் வெளிப்பக்கமாக வெல்டு மெஷ் அடித்து விரிப்பு சேர்த்தால் போதும். பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கொட்டேஷன் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, வலையின் மேல் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.