ஸ்பைவேர் நீக்கிகளை எதைக் கொண்டு ஒப்பிடுவது: வீட்டுக் கணினியில் நீண்ட நாள் அனுபவம்

ஸ்பைவேர் என்பது நமக்குத் தெரியாமல் கணினிக்குள் புகுந்து வேவு பார்க்கும் நிரல். அதை நீக்கும் ஆன்டி ஸ்பைவேர் மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்கேன் முடிந்ததும் திரையில் வரும் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒன்று நாற்பது என்கிறது, மற்றொன்று நான்கு என்கிறது. உடனே நாற்பது சொன்னதுதான் கெட்டிக்கார மென்பொருள் என்று முடிவாகிவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலம் தொட்டு, வீட்டில் பெரியவர் முதல் சிறுவர் வரை புழங்குகிற கணினியில் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வந்தவன் என்ற முறையில், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றே சொல்வேன். ஒரு மென்பொருள் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது, அது நீக்கியது மறுபடி தலைதூக்காமல் இருக்கிறதா, தொல்லை எதுவும் இல்லாத சாதாரண நாள்களில் கணினியை எப்படி நடத்துகிறது என்ற மூன்றும்தான் எனக்கு அளவுகோல்.

எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளில் அதிகம் காணப்பட்டவை இரண்டு: லாவாசாஃப்ட்டின் ஆட்-அவேர், பாட்ரிக் கொல்லா எழுதிய ஸ்பைபாட் சர்ச் அண்ட் டெஸ்ட்ராய். இரண்டுமே தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். 2004-ஐ ஒட்டி வந்த ஆட்-அவேர் எஸ்இ பதிப்பு, தான் கண்டவற்றை முக்கியமானவை, பொருட்படுத்த வேண்டாதவை என்று இரண்டு பட்டியல்களாகப் பிரித்துத் தரும். அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்களை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கிறதே, அவை இரண்டாவது பட்டியலில் வரும். அவற்றால் எந்த ஆபத்தும் இல்லை. ஸ்பைபாட்டில் இதையே நிறத்தால் காட்டினார்கள்: சிவப்பில் வந்தால் ஸ்பைவேர், பச்சையில் வந்தால் பயன்பாட்டுத் தடயம் மட்டுமே. விளம்பர நிறுவனங்கள் விட்டுச்செல்லும் கண்காணிப்புக் குக்கீகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கும் மென்பொருள்களில் எண்ணிக்கை எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். குக்கீ என்பது உலாவி எழுதிவைக்கும் சிறு எழுத்துக் குறிப்பு. அது தானாக ஓடாது, எதையும் நிறுவாது, அதை அழிக்க உலாவியின் அமைப்புகளே போதும். குக்கீகளைக் கழித்துவிட்டு மீதியை எண்ணிப் பாருங்கள், நாற்பதுக்கும் நான்குக்கும் இடையே இருந்த தூரம் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

ஒப்பிடும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் மென்பொருளால் ஸ்கேன் செய்து, கண்டதையெல்லாம் நீக்கிவிட்டு, அதன் பிறகு இரண்டாவதை ஓடவிட்டால் இரண்டாவதற்கு எதுவும் மிச்சமிருக்காது; அது ஏமாளி போலத் தோன்றும். ஆகையால் எதையும் நீக்காமல் எல்லாவற்றையும் ஸ்கேன் மட்டும் செய்யவிட்டு, ஒவ்வொன்றின் அறிக்கையையும் தனிக் கோப்பாகச் சேமித்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு. அப்படிப் பார்த்தபோது தெரிந்தது என்னவென்றால், உண்மையான பிரச்சினைகளில் பெரும்பகுதியை இரண்டுமே கண்டுபிடித்திருந்தன. ஆனால் ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடித்த இடங்களும் இரு பக்கமும் இருந்தன. அக்காலத்தில் இரண்டு நீக்கிகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி எல்லோரும் சொன்னது வெறும் பழக்கத்தால் அல்ல.

கண்டுபிடிப்பதைவிட நீக்குவதுதான் கடினமான வேலை. அந்நாளைய ஸ்பைவேர்கள் பலவற்றில் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று காவல் காத்துக்கொண்டிருக்கும்; ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை உடனே எழுப்பிவிடும். ஸ்கேன் முடிந்து, எல்லாம் சுத்தம் என்று செய்தியும் வந்து, கணினியை மறுபடி தொடங்கி இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்தால், யாரும் கேட்காத ஒரு தேடல் பக்கம் முகப்பில் வந்து நிற்கும். எனவே நீக்கிய உடனே வரும் செய்தியை நான் பொருட்படுத்துவதில்லை. கணினியை ஒருமுறை தொடங்கி, இணையத்தில் இணைந்து, சற்று நேரம் வேலை செய்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்வேன். எஃப்8 விசையை அழுத்திப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி ஸ்கேன் செய்வதும் இதனால்தான் பயன் தந்தது: அந்நிலையில் வழக்கமாகத் தானே தொடங்கும் நிரல்களில் பெரும்பாலானவை ஓடுவதில்லை, காவல்காரனும் உறங்கிக்கொண்டிருப்பான். நீக்குவதற்குக் கோப்பு பிடிகொடுக்காவிட்டால், அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போதே ஸ்கேன் செய்ய ஸ்பைபாட் அனுமதி கேட்கும். இது மிக நல்ல ஏற்பாடு.

நீக்கியதனால் வந்த தொல்லையும் உண்டு. சில ஸ்பைவேர்கள் விண்டோஸின் இணையத் தொடர்புச் சங்கிலிக்குள் தங்களை ஒரு கண்ணியாகச் செருகிக்கொள்ளும். கோப்பை மட்டும் அழித்துவிட்டுச் சங்கிலியைச் சரிசெய்யாமல் விட்டால், அதோடு இணையமும் போய்விடும். எங்கள் கணினியிலும் இது நடந்தது. பிராட்பேண்ட் மோடத்தில் எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிகின்றன, இணைப்பு இருப்பதாக விண்டோஸும் சொல்கிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. கட்டளைச் சாளரத்தில் ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ என்ற கட்டளையைக் கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்கியதும் சரியாயிற்று. எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் 2004 ஆகஸ்டில் வந்தபோது இந்தக் கட்டளையும் அதனுடன் வந்தது. அதற்கு முன் இதற்கென்றே தனிக் கருவியைத் தேடவேண்டியிருந்தது. நல்ல நீக்கி எது என்று கேட்டால், அழிப்பதற்கு முன் நகல் எடுத்துத் தனியே பூட்டி வைத்து, தவறானால் திருப்பித் தர முடிகிறதே, அது என்பேன்.

தடுக்கும் கருவிகளில் ஸ்பைவேர் பிளாஸ்டரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அது ஸ்கேன் செய்யவே செய்யாது. வலைப்பக்கங்கள் வழியே இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள் ஓடும் சிறு நிரல்களான ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடுகளில் தெரிந்த தீயவை ஓடாதபடி, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் குறித்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், பின்னணியில் எந்த நிரலும் ஓடாததால் கணினிக்குச் சுமையும் இல்லை. ஸ்பைபாட்டின் இம்யூனைஸ் வசதியும் ஏறக்குறைய இதே வழியில் சென்றது. அதே ஸ்பைபாட்டில் இருந்த டீடைமர் நேர் எதிர் குணம் கொண்டது. ரெஜிஸ்ட்ரியின் முக்கிய இடங்களில் மாற்றம் நிகழும்போதெல்லாம் அனுமதிக்கலாமா, மறுக்கலாமா என்று கேட்கும். கணினி தெரிந்த ஒருவர் தனியாகப் பயன்படுத்தினால் இது அருமையான காவல். ஆனால் பலர் கைபடும் வீட்டுக் கணினியில், பிரிண்டர் மென்பொருள் நிறுவும்போது எழும் கேள்விக்கும் ஸ்பைவேர் நுழையும்போது எழும் கேள்விக்கும் வேறுபாடு தெரியாமல், பெட்டி மறைந்தால் போதும் என்று கைக்கு வந்த பொத்தானை அழுத்துவார்கள். கேள்வி கேட்கும் பாதுகாப்பு, பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் பாதுகாப்பு.

மைக்ரோசாஃப்ட் இந்தக் களத்துக்குள் வந்தது, ஜயன்ட் என்ற நிறுவனத்தை 2004 டிசம்பரில் வாங்கிய பிறகு. அதன் மென்பொருளே பெயர் மாறி விண்டோஸ் டிஃபெண்டர் ஆகி, விண்டோஸ் விஸ்டாவில் உடன்பிறப்பாகவே சேர்ந்துவிட்டது. அப்போது அது ஸ்பைவேரை மட்டுமே பார்த்தது. வைரஸையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் போலி நீக்கிகள் பெருகின. உலாவும்போதே ஒரு சாளரம் குதித்து, கணினி முழுதும் தொற்று என்று மிரட்டி, நீக்குவதற்குப் பணம் கேட்கும். வின்ஃபிக்சர் போன்றவற்றைப் பரப்பியவர்கள்மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2008-இல் நீதிமன்றம் சென்றது. பெரிய எண்ணைக் கண்டு மிரளும் நம் சுபாவம்தான் இவற்றின் முதலீடு.

2008-இல் வந்த மால்வேர்பைட்ஸ், என் கணிப்பில், கணக்கையே மாற்றியது. அது குக்கீகளை எண்ணுவதில்லை. பட்டியல் சிறியது, ஆனால் அதில் வருகிறவை பெரும்பாலும் நீக்கப்பட வேண்டியவைதாம். அதே காலத்தில் நான் உடன் வைத்திருந்த சூப்பர் ஆன்டி ஸ்பைவேர் குக்கீகளையும் வரிசையாகக் காட்டும், எனவே எண்ணிக்கையில் அதுதான் எப்போதும் முன்னால் நிற்கும். வேலையில் மால்வேர்பைட்ஸுக்குத்தான் என் ஓட்டு. இலவசப் பதிப்பு நாமாக ஓடவிட்டால்தான் ஸ்கேன் செய்யும், பின்னணிக் காவல் கட்டணப் பதிப்பில் மட்டுமே. இன்றைய பதிப்புகளை நிறுவியதும் சில நாள்களுக்குக் கட்டணப் பதிப்பின் வசதிகள் சோதனையாகக் கிடைக்கும், பிறகு தானே இலவச நிலைக்கு இறங்கிவிடும். சோதனைக் காலத்தில் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளவும் கூடும் என்பதால், காலம் முடிந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, காவலில் இருப்பது யார் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வருகிற ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நாம் ‘அம்மா’ என்று ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கும்போது, ஆங்கில விசைகளைத் தட்டச்சு மென்பொருள் இடைமறித்துத் தமிழ் எழுத்துகளாக மாற்றுகிறது. விசைகளை இடைமறித்துக் கடவுச்சொல்லைத் திருடும் கீலாகரும் வெளிப்பார்வைக்கு இதே வேலையைத்தான் செய்கிறது. நடத்தையை வைத்து முடிவு செய்யும் ஒரு நீக்கி, எங்கள் கணினியில் இருந்த தட்டச்சு மென்பொருளைச் சந்தேகப் பட்டியலில் போட்டுத் தனியே பூட்டிவிட்டது. அன்று முழுதும் எதை அடித்தாலும் ஆங்கிலமே வந்தது. கோப்பைப் பூட்டிலிருந்து மீட்டு, விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் தமிழ் திரும்பியது. அப்படி விலக்குத் தருவதற்கு முன், அது தயாரித்தவரின் தளத்திலிருந்து இறக்கிய கோப்புதானா, வேறெங்கோ கிடைத்த நகலா என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

இப்போதைய ஏற்பாடு மிக எளிது. பின்னணிக் காவலுக்கு டிஃபெண்டர் ஒன்றே. ஐயம் வரும்போது மால்வேர்பைட்ஸின் இலவச ஸ்கேன். உலாவியில் விளம்பரக் குப்பை சேர்ந்தால் ஆட்வ்கிளீனர், இதையும் 2016-இல் மால்வேர்பைட்ஸே வாங்கிக்கொண்டது. டிஃபெண்டரில் தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது; இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார் வகையறாக்களை அது வாசலிலேயே நிறுத்துகிறது. வீட்டுக் கணினியில் அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பிடிவாதமான தொற்று என்றால், விண்டோஸ் வழக்கம்போல் இயங்கத் தொடங்குமுன் தனியே ஓடும் ஆஃப்லைன் ஸ்கேன், அன்றைய எஃப்8 வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்கிறது.

இவை எதுவும் தொடாத தொல்லை ஒன்று இன்று அதிகமாக இருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று அறிவிப்புகள் வந்தபடியே இருக்கும், எந்த ஸ்கேனிலும் எதுவும் அகப்படாது. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது வீட்டில் யாரோ சம்மதம் கொடுத்திருப்பார்கள்; அங்கே நிறுவப்பட்ட நிரல் எதுவும் இல்லாததால் நீக்கிக்கும் வேலை இல்லை. குரோமில் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதியில் தள அமைப்புகள், அதில் அறிவிப்புகள் என்று சென்று, அறிமுகமில்லாத தளங்களை அகற்றிவிட்டு, அப்படியே நீட்டிப்புகளின் பட்டியலையும் ஒருமுறை பார்த்தால் போதும். இதற்காகப் புதிதாக எந்த மென்பொருளையும் வாங்க வேண்டியதில்லை.