யூகேல வாலண்டியரிங்: பார்க்ரன்னா, கால்வாயா, காட்டு வேலையா?

யூகே வந்த புதுசுல "நாலு பேரோட பழகணும், ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்க முடியல"ன்னு யார் கேட்டாலும் எல்லாரும் முதல்ல சொல்றது வாராவாரம் பார்க்ல கூடி ஓடுற பார்க்ரன் தான். நல்ல விஷயம்தான், ஆனா ஆள் பழகத்தான் போறீங்கன்னா நான் அதுக்கு மூணாவது இடம்தான் குடுப்பேன்.

2004ல லண்டன் புஷி பார்க்ல 13 பேர் ஓடி ஆரம்பிச்சது, இப்ப ஊருக்கு ஊர் இருக்கு. சனிக்கிழமை காலைல 9 மணி (ஸ்காட்லாந்துல 9.30), 5 கிலோமீட்டர், ஃப்ரீ. வாலண்டியர் ஆகுறதும் ஈஸி, அந்த ஊர் டீமுக்கு ஒரு மெயில் போட்டா போதும், அடுத்த வாரம் போகலன்னாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆனா ஓடுறவங்களுக்கு வழி காட்டுற மார்ஷல் டியூட்டி வந்துச்சுன்னா பளிச்சுன்னு தெரியுற ஹைவிஸ் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு ஏதோ ஒரு திருப்பத்துல தனியா நின்னு கைதட்டிக்கிட்டே இருக்கணும், ஓடி முடிச்சவங்க பார்கோடு ஸ்கேன் பண்ற இடத்துலயும் ஆளுக்கு ரெண்டு செகண்டுதான். பேசணும்னா டெயில் வாக்கர் கேளுங்க, கடைசியா வர்றவங்களோட நடக்குற வேலை, முக்கால் மணி நேரம் பேச்சு ஓடும்.

கால்வாய் பக்கம் கதையே வேற. இங்கிலாந்து, வேல்ஸ்ல சுமார் 2000 மைல் கால்வாய், ஆறெல்லாம் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்ங்கிற சாரிட்டி கையில இருக்கு, 2012ல அரசாங்கத்துகிட்டருந்து வந்தது. அதுல லாக் கீப்பர் வேலை, அதாவது கால்வாய் ஏத்த இறக்கத்துல போட்டை தாண்டவைக்குற மதகை பாத்துக்குற வேலை இருக்கே, எனக்கு அதுதான் முதலிடம். ட்ரெய்னிங் குடுத்து லைஃப் ஜாக்கெட்டும் குடுப்பாங்க, மதகு திறந்து தண்ணி ஏறி இறங்கி ஒரு போட் தாண்ட பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், அவ்ளோ நேரம் போட்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க, முதல்ல வெதர், அப்புறம் அவங்க நாய், அப்புறம் நீங்க எந்த ஊரு. பர்மிங்ஹாம் ஆக்சென்ட் எந்த கிளாஸ்லயும் இப்படி காதுல ஏறாது. ஒரே சிக்கல், வாரத்துல இந்த நாள் வர்றேன்னு சீசன் முழுக்க ஒத்துக்கணும், ஷிப்ட் வேலை பாக்குறவங்களுக்கு கஷ்டம். அவங்களுக்கு கரையோர பாதையை க்ளீன் பண்ணி பெயின்ட் அடிக்குற குரூப் சரியா வரும்.

உடம்பு வணங்கணும்னா காட்டு வேலைதான். 1959ல ஆரம்பிச்ச டிசிவி (தி கன்சர்வேஷன் வாலண்டியர்ஸ்) மாதிரி இயற்கையை பாதுகாக்குற அமைப்புங்க நடத்துறது. பறவைங்க கூடு கட்டுறது மார்ச்லருந்து ஆகஸ்ட் வரைக்கும், அதனால மரம் வெட்டுறது, செடி வேலி வெட்டுறது எல்லாம் குளிர்காலத்துக்கு தள்ளிடுவாங்க, விரல் விறைச்சுப் போகும், நல்ல பூட்ஸ் இல்லாம போகாதீங்க. கோடைல ஹிமாலயன் பால்சம்ங்கிற களைச்செடி பிடுங்குற வேலை. அது வேற எதுவும் இல்ல, நம்ம வாசல்ல வளர்ற காசித்தும்பையோட பங்காளிதான், 1839ல அழகுக்குன்னு இமயமலைலருந்து கொண்டு வந்தாங்க, இப்ப ஆத்தங்கரை பூரா அதான். காயைத் தொட்டா வெடிச்சு விதை 7 மீட்டர் வரைக்கும் கூட தெறிக்கும், அதனால காய்க்கிறதுக்கு முன்னாடியே வேரோட பிடுங்கணும், பிடுங்க சுலபம்தான். நடுவுல டீ பிரேக், பிஸ்கட், அங்கதான் எல்லாரும் வாயத் திறப்பாங்க.

விசா கதையும் பாத்துக்கோங்க. ஸ்டூடண்ட் விசால டிகிரி படிக்கிறவங்களுக்கு டெர்ம் டைம்ல வாரம் 20 மணி நேரம்தான் வேலை. சாரிட்டிக்கு காண்ட்ராக்ட் இல்லாம, டிக்கெட் சாப்பாட்டு செலவு மட்டும் வாங்கிட்டு செய்யுற வாலண்டியரிங் அந்த 20ல சேராது, ஆனா இத்தனை மணி நேரம் கண்டிப்பா வரணும்னு காண்ட்ராக்ட் மாதிரி இருந்தா சம்பளம் இல்லன்னாலும் சேரும். லாக் கீப்பருக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஊர்லருந்து ஆறு மாசம் வந்து இருக்குற அம்மா அப்பாவும் செய்யலாம், விசிட்டர் விசால மொத்தம் 30 நாள் வரைக்கும், பதிவு பண்ண சாரிட்டியா இருக்கணும். அவங்களுக்கு மட்டும் பார்க்ரன் தான் என் சாய்ஸ், காலைல வாக்கிங் போற பழக்கம் எப்படியும் இருக்கும்.