‘தொலைந்தது’ என்று எழுதச் சொன்னால்: சென்னைக் காவல் புகார்ச் சேவை, ஒரு மதிப்பீடு

செல்போனைப் பறிகொடுத்தவருக்கும், வாசலில் நிறுத்திய பைக்கைக் காணாதவருக்கும், ஆட்டோவில் மார்க் ஷீட்டை விட்டுவிட்டு இறங்கியவருக்கும் சென்னையில் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: பக்கத்து ஸ்டேஷன், தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளம், ‘காவல் உதவி’ செயலி, சைபர் மோசடிக்கான 1930. நான்கும் ஒரே தரத்தில் இல்லை. இணையத்தளம் சொன்ன வேலையைச் செய்கிறது. 1930 வேகத்தைப் பொறுத்தது. மனு பதிவானதற்கு ஸ்டேஷன் மேசையில் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீதில்தான் இந்தச் சேவையின் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. மக்கள் காவல்துறையை நம்புவதும் நம்பாமல் போவதும் பெரும்பாலும் அந்த ஒரு தாளில் முடிவாகிவிடுகிறது.

முதலில் நன்றாக இருப்பது. ஆவணம் தொலைந்தால் ஸ்டேஷனுக்குப் போகவே வேண்டாம். பாஸ்போர்ட், ஆர்.சி. புத்தகம், ஓட்டுநர் உரிமம், பள்ளி கல்லூரிச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றுக்கு காவல்துறைத் தளத்திலேயே ‘தொலைந்த ஆவண அறிக்கை’ பதிவு செய்யலாம். பெயர், முகவரி, ஆவண எண், தொலைந்த இடம், நாள் ஆகியவற்றை நிரப்பி, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் எண்ணிட்ட அறிக்கை கிடைக்கும். கட்டணம் இல்லை. அதைக் கேட்கும் அலுவலகம் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று அதே தளத்தில் சரிபார்க்கலாம். தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஆவண எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் அறிக்கை பயன்படாது. பழைய நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். இரண்டாவது, திருடு போன ஆவணத்துக்கு இதைப் போடுவது. இந்த அறிக்கையின் பேரில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். கைப்பையோடு பறித்துச் சென்றிருந்தால் அது குற்றப் புகார். ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும்.

எந்த ஸ்டேஷன் என்பதே பலருக்கு முதல் தடை. சென்னையில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு: ஆர்-1 மாம்பலம், இ-1 மயிலாப்பூர், ஜே-2 அடையாறு. ஒரே தெருவின் இரு பக்கம் இரு ஸ்டேஷனுக்குப் போவது சாதாரணம். தாம்பரமும் ஆவடியும் 2022 முதல் தனிக் கமிஷனரேட் ஆகிவிட்டதால் புறநகரில் குழப்பம் இன்னும் கூடுதல். ‘எங்க லிமிட் இல்லை’ என்ற பதிலுக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பெற வேண்டும் என்கிறது. அதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறார்கள். ஆனாலும் சரியான ஸ்டேஷனுக்கே போனால் விசாரணை சீக்கிரம் தொடங்கும்.

ஸ்டேஷனுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. திருட்டு, பறிப்பு என்றால் குற்றப்பிரிவு. அடிதடி, மிரட்டல் என்றால் சட்டம் ஒழுங்கு. சாலை விபத்து என்றால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு, அது பெரும்பாலும் வேறு கட்டடத்தில் இருக்கும். ஓடும் மின்சார ரயிலிலோ பிளாட்பாரத்திலோ பறிபோனது ரயில்வே காவல்துறையின் வழக்கு. சைதாப்பேட்டைக்கும் மாம்பலத்துக்கும் நடுவே பறிபோன போனுக்காகத் தெரு ஸ்டேஷனில் உட்கார்ந்தால் அரை நாள் வீண்.

இனி புகார் மனு. எல்லாமே இதில்தான். ‘உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கும் ஒரு பக்கம் போதும். நாள், நேரம், இடம், பக்கத்து அடையாளம், என்ன நடந்தது, வந்தவர்கள் எத்தனை பேர், வண்டி நிறம், தெரிந்த அளவு வண்டி எண், போன பொருள், அதன் மதிப்பு. நகை என்றால் சவரனோடு கிராமும் எழுதுங்கள், ஒரு சவரன் 8 கிராம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள்.

மனுவைப் படிக்கும் ரைட்டரோ எஸ்.ஐ.யோ அடிக்கடி ஒரு திருத்தம் சொல்வார்: ‘பறிச்சாங்கன்னு எழுதாதீங்க, தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க. உடனே சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன்.’ அவசரத்தில் இருப்பவருக்கு இது உதவி போலத் தெரியும். அந்த ஒரு வினைச்சொல் மாறினால் மூன்று இழப்புகள். பறிப்பு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 304-வது பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம்; தொலைத்தல் குற்றமே இல்லை, எஃப்.ஐ.ஆர். வராது, தேடலும் இராது. திருட்டுக்கு மட்டும் ஈடு தரும் காப்பீடு, ‘தொலைந்தது’ என்ற ரசீதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடும். மூன்றாவது இழப்பு நம் தெருவுக்கே: அந்த முனையில் பறிப்பு நடந்ததாகக் கணக்கிலேயே ஏறாது. கணக்கில் ஏறாத இடத்துக்கு ரோந்து ஏன் கூடப்போகிறது? மாதக் குற்றக் கணக்கு குறைவாகத் தெரிய வேண்டும் என்ற அழுத்தம் ஸ்டேஷன்கள் மீது இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் அதற்காக நடந்ததை மாற்றி எழுதக் கூடாது. நடந்தது பறிப்பு என்றால் பறிப்பு என்றே எழுதுங்கள்.

பொருளின் மதிப்பையும் விடக்கூடாது. 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு புதிய சட்டத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாத வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. பில் நகலை இணைத்து மதிப்பை எழுதினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

சி.எஸ்.ஆர். என்றால் என்ன? சமுதாயப் பணிப் பதிவேட்டில் உங்கள் மனு பதிவானதற்கான எண்ணிட்ட ரசீது. அது கைக்கு வருவது நல்லதே. மனு தொலைந்துபோகாது, அதன் நிலையை இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சி.எஸ்.ஆர். என்ற சொல்லே கிடையாது, அது மாநிலக் காவல் நடைமுறை. போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் மனுவில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்துவிட்டது. புதிய சட்டம் ஓர் இடைவெளி தருகிறது: மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. தகுதி அதிகாரியின் அனுமதியோடு, சென்னையில் உதவி கமிஷனர், 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை செய்யலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘ஆரம்ப விசாரணைக்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா, எந்தத் தேதியில்?’ 14 நாள் தாண்டியும் சி.எஸ்.ஆர். மட்டுமே கையில் இருந்தால் மேலே போகும் நேரம் வந்துவிட்டது.

போன் விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் சிம்மை முடக்குங்கள். திருடியவன் கையில் உங்கள் ஓ.டி.பி. வரும் எண் இருக்கிறது. பிறகு வங்கி, யு.பி.ஐ. அதற்குப் பின் புகார், டூப்ளிகேட் சிம். கடைசியில் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், போனையே பூட்டி முடக்கும் சி.இ.ஐ.ஆர். பதிவு. இங்கே போனின் 15 இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., பில், புகார் நகல், அடையாள அட்டை கேட்கும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண், இரண்டையும் போடுங்கள். எண் தெரியாவிட்டால் டப்பாவிலும் பில்லிலும் இருக்கும். போன் கையில் இருக்கும்போதே ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி எழுதி வைப்பது இரண்டு நிமிட வேலை. புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, ஓ.டி.பி.க்கு வீட்டில் வேறொருவர் எண்ணைக் கொடுங்கள். பதிவானதும் வரும் கோரிக்கை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். போன் திரும்பக் கிடைத்தால் அந்த எண் இல்லாமல் பூட்டை நீக்க முடியாது.

கேமரா பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 2017-இல் அப்போதைய கமிஷனர் ஏ.கே. விஸ்வநாதன் காலத்தில் தொடங்கிய ‘மூன்றாவது கண்’ திட்டம் நகரத் தெருக்களில் கேமராவை நிறைத்தது. அதில் பெரும்பங்கு கடைக்காரர்களும் குடியிருப்போரும் தங்கள் செலவில் வைத்தவை. இந்தச் சேவையில் மக்களும் காவல்துறையும் உண்மையாகவே கைகோத்த இடம் இதுதான். ஆனால் பதிவு நிலைக்காது. 2 மெகாபிக்சல் கேமரா நான்கு, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜி.பி. பிடிக்கும், 1 டி.பி. டிஸ்க் 11 நாளில் நிறைந்து பழையதன் மேல் எழுதத் தொடங்கிவிடும். சி.எஸ்.ஆர். மேசையில் இரண்டு வாரம் கிடந்தால் சாட்சி அழிந்தே போயிருக்கும். எனவே மனுவிலேயே ‘இன்ன கடை வாசலில் கேமரா இருக்கிறது, பதிவைக் கைப்பற்றக் கோருகிறேன்’ என்று ஒரு வரி சேருங்கள்.

பதிவு கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, திரையை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஆளை அடையாளம் காண அது உதவும், நீதிமன்றத்தில் நிற்காது. கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டி.வி.ஆர்.-இலிருந்து நேரடியாகப் பென்டிரைவில் எடுக்க வேண்டும். டி.வி.ஆர். கடிகாரம் பல நிமிடம் முன்னே பின்னே ஓடுவது வழக்கம். போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிக் கொடுங்கள். பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். பழைய 65-பி சான்றிதழின் இடத்தில் வந்தது இது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பையும் இதில் குறிப்பிட வேண்டும். பதிவு தந்த கடைக்காரரைத் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்கு அலைய வைத்தால் அடுத்த முறை அவர் ‘கேமரா ரிப்பேர்’ என்பார். சான்றிதழ்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. கடைக்கே போவதுதான் சரியான முறை.

அவசரத்துக்கு 112. ‘காவல் உதவி’ செயலியின் சிவப்பு ‘அவசரம்’ பொத்தான் இருப்பிடத்தை அனுப்புகிறது; ஆனால் முன்கூட்டியே பதிவு செய்து, லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால்தான். அடித்தள பார்க்கிங்கில் சிக்னல் ஏமாற்றும். பேச முடிந்தால் நகர்ப் பெயரையும் பஸ் ஸ்டாப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘முதல் மெயின் ரோடு’ இந்த ஊரில் எத்தனையோ நகர்களில் இருக்கிறது.

பணம் போனால் 1930. வங்கிக் கிளை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேரம், தொகை, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் பயன். அழைப்போடு முடிந்தது என்று விட்டுவிடாமல் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரை முழுதாகப் பதியுங்கள்.

இணையத்தளத்துக்குத் திரும்பினால், எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி பாராட்டத்தக்கது. 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும், பாலியல் குற்றம் போன்றவை ஏறக்கூடாது என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அதன் இரண்டாவது பாதி 2024 டிசம்பரில் உடைந்தது. அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் எஃப்.ஐ.ஆர். அவர் அடையாளத்தோடு வெளியானது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் அடங்கிய சிறப்புக் குழுவை அமைத்த சென்னை உயர் நீதிமன்றம், மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. புகார் கொடுக்கத் தயங்கும் பெண்ணின் தயக்கத்தை இப்படிப்பட்ட ஒரு கசிவு பல ஆண்டுகளுக்குக் கூட்டிவிடும். இந்தச் சேவையின் மிகப் பெரிய தோல்வியாக இதைத்தான் சொல்ல வேண்டும். 1992-இல் ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த நகரம் இது. விசாரணைக்குச் சாட்சியாகப் பெண்ணையோ, 60 வயதைத் தாண்டியவரையோ ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்வதையும் பலர் அறியாமல் வரிசையில் நிற்கிறார்கள்.

மனுவை வாங்கவே மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த நேரக் குறிப்பு பின்னால் பேசும். அதே மனுவை ஒப்புகையோடு துணை கமிஷனருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்; அதே சன்ஹிதாவின் 173-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு அதற்குத்தான். அங்கும் பதில் இல்லை என்றால், அஞ்சல் ரசீதையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டிடம் 175-வது பிரிவில் மனு. எழும்பூரா, சைதாப்பேட்டையா, ஜார்ஜ் டவுனா என்பது ஸ்டேஷனைப் பொறுத்தது.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், ஜெராக்ஸ் காசுகூடக் கேட்கக் கூடாது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டியது விசாரணை அதிகாரியின் கடமை, 193-வது பிரிவு. பைக் திருட்டில் இது பணத்தோடு சம்பந்தப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் எஃப்.ஐ.ஆர். நகலோடு, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற காவல்துறைச் சான்றையும், வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்கும். திருடு போன அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வழக்கை முடித்துவிட்டதாக ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். விசாரணை சரியில்லை என்று தோன்றினால் அதே நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போடலாம். வாங்கிய தேதியை நோட்டீஸிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள், ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள்.