வி-கிராஸ் தலையில் ஏறிய கேரியர்

பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கும் எனக்கு ஏணிதான் தினசரித் தலைவலி. என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிக் கூரைமேல் ரூஃப் கேரியர் போடலாம் என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். அலுமினியம், கூலியோடு 14,500 ரூபாய்.

பையன் நேராக டிரில்லிங் மிஷினோடு வந்துவிட்டான். "தம்பி, ஓட்டை வேண்டாம், கிளாம்ப் போதும்."

"ஆடும்ணா."

நான் விடவில்லை. ஓட்டை போட்ட கூரை ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்பதைப் பழைய வண்டியில் பார்த்தவன் நான், சீட்டெல்லாம் ஈரம்.

வீட்டில் வந்து பார்த்தால், இடதுபக்கப் பின் கிளாம்ப்புக்கு அடியில் ரப்பரே இல்லை. பெயின்ட் நகக்கண் அளவுக்கு உரிந்திருந்தது. சரி என்று திரும்பப் போனேன்; ரப்பர் வைத்து டச்-அப் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானே முறுக்கினேன், இரண்டு போல்ட் அரைச்சுற்று இறங்கின.

ஈசிஆரில் எண்பதைத் தாண்டினால் கேரியர் விசிலடிக்கிறது. முன் குறுக்குக்கம்பியில் கயிற்றைச் சுற்றிவிட்டேன், பாதி அடங்கியது. எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுக்குள் ஏணியோடு நுழைய முடியாது, அது தனிக்கதை. ஏணி மட்டும் இம்மியும் அசையவில்லை.